மணிக்கட்டின் சரித்திரம்

வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே வழங்கிவரும் சம்பிரதாயங்களில், நோயாளியின் கையைப் பற்றி, மணிக்கட்டின் பெருவிரற்பக்கத்தில் மூன்று விரல்களைப் பதித்து, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருக்கும் அந்த வழக்கத்தைப் போலப் பழமையும் பரப்பும் உடையது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அலெக்ஸாண்ட்ரியாவிலும் ரோமாபுரியிலும், சீனத்திலும் பாக்தாதிலும், நம்முடைய சித்த வைத்தியர் வீட்டுத் திண்ணைகளிலும், வெவ்வேறு பாஷை பேசி வெவ்வேறு தெய்வங்களைத் தொழுதவர்கள் எல்லோரும் இந்த ஓர் அங்குல இடத்தையே நம்பி, பிழைப்பாரென்றும் பிழையாரென்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் தம் விரலுக்கடியில் எழுந்து தாழும் அந்தத் துடிப்பு எங்கே பிறக்கிறது, அதோடு செல்லும் வஸ்து எங்கே போய்ச் சேருகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. வழக்கம் முந்திக்கொண்டது, அதற்குரிய ஞானம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பிந்தி வந்தது. இவ்வளவு தாமதம் நேர்ந்ததற்கு விரல்களின் மந்தத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எவ்வளவு என்னும் சாதாரணக் கேள்வியை எவரும் கேளாமல் விட்டதே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கிரேக்கர்களில் தமனியையும் சிரையையும் வேறு பிரித்துச் சொல்லி, துடிப்பது தமனியே என்று காட்டியவர் பிராக்ஸாகோரஸ் என்பவர். அவருடைய சீடரான ஹெரோபிலஸ், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டாலமி அரசர்களின் ஆதரவில் அலெக்ஸாண்ட்ரியாவில் மனித சரீரங்களை அறுத்து ஆராய்ந்ததோடு, நாடியின் வேகத்தை அளக்க ஒரு சிறு நீர்க்கடிகாரத்தையும் உபயோகித்தார் என்று பிற்காலத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். துடிப்பின் தாளத்தைச் சங்கீதத்தின் தாளத்தோடும் செய்யுளின் சீரோடும் அவர் ஒப்பிட்டுப் பேசினாராம். அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த எராஸிஸ்டிராட்டஸைப் பற்றி ஒரு கதை உண்டு. சிரியா தேசத்து அரசன் செலூக்கஸின் குமாரன் அந்தியோக்கஸ், காரணம் தெரியாத நோயில் மெலிந்து படுத்திருந்தபோது, இந்த வைத்தியர் அவன் நாடியில் விரலை வைத்தபடியே காத்திருந்து, அரசனின் இளைய மனைவி ஸ்டிராட்டோனிக்கே அறைக்குள் நுழையும்போதெல்லாம் துடிப்பு தடுமாறுவதைக் கண்டு, நோய் காதல் என்று கண்டுபிடித்தாராம். கதை மெய்யோ பொய்யோ, மணிக்கட்டு மனத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது போதிய சாட்சி. இத்தனை நுட்பமாக நாடி பார்த்த அதே எராஸிஸ்டிராட்டஸ், தமனிகளுக்குள் ஓடுவது இரத்தமே அல்ல, காற்று என்று உறுதியாக நம்பினார் என்பதுதான் வேடிக்கை.

தமனியில் இருப்பதும் இரத்தமே என்று பரிசோதனையால் காட்டியவர், பெர்கமம் நகரத்தில் பிறந்து ரோமாபுரியில் சக்கரவர்த்திகளுக்கு வைத்தியம் பார்த்த காலென். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் நாடியைப் பற்றி மட்டும் பல கிரந்தங்கள் எழுதி, எறும்பு ஊர்வது போன்ற நாடி, புழு நெளிவது போன்ற நாடி, மான் துள்ளுவது போன்ற நாடி என்று நுணுக்கமாக வகைப்படுத்தினார். ஆனால் இரத்தம் செல்லும் வழியைப் பற்றி அவர் வகுத்த சித்தாந்தமோ, ஏரியில் தேங்கிய நீர் மடை வழியே வயலுக்குப் போய் அங்கேயே பயிரால் உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடுவது போன்றதாயிருந்தது. ஆகாரத்திலிருந்து ஈரல் இரத்தத்தை உண்டாக்குகிறது. அது சிரைகளின் வழியாக அங்கங்களுக்குப் போய்ச் செலவாகிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் இருதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்களின் வழியே இடப்பக்கம் கசிந்து, அங்கே உயிர்ச்சத்தோடு கலக்கிறது என்றார் அவர். அந்தத் துவாரங்களைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் காலென் சொன்னது என்பதற்காக அவை இருப்பதாகவே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கருதப்பட்டன. இடையே 1242 ஆம் ஆண்டளவில், அராபிய வைத்தியரான இப்னு அல்-நபீஸ், சுவரில் துவாரம் ஏதுமில்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடப்பக்கம் வந்தாக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தும், அந்தச் சுவடி 1924 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓர் எகிப்திய மாணவரின் கண்ணில் படும் வரையில் உலகம் அதைக் கவனிக்கவில்லை.

கிழக்கு நாடுகளிலும் இந்தச் சம்பிரதாயம் தனி வழியில் வளர்ந்தது. மூன்றாம் நூற்றாண்டில் சீனத்து வாங் ஷூஹே, நாடிக்கென்றே ஒரு சாஸ்திர நூல் இயற்றி, ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று ஸ்தானங்களை வரையறுத்தார். நம் தேசத்தில், சரகரும் சுசுருதரும் நாடி பார்ப்பதைத் தனி முறையாக விவரிக்கவில்லை. வடமொழி ஆயுர்வேத நூல்களில் அது விளக்கமாக வருவது, பிற்காலத்து நூலான சார்ங்கதர சம்ஹிதையில்தான். அங்கே வாத நாடி அட்டையும் பாம்பும் போலவும், பித்த நாடி காக்கையும் தவளையும் போலவும், கப நாடி அன்னமும் புறாவும் போலவும் நடக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்ச் சித்தர் நூல்களிலோ, அன்னமும் கோழியும் மயிலும் வாதத்துக்கும், ஆமையும் அட்டையும் பித்தத்துக்கும், தவளையும் பாம்பும் ஐயம் என்னும் கபத்துக்கும் உரியவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று அப்படியே பெயர்த்து எழுதப்பட்டது என்று சாதிப்பவர்கள் இந்த வேற்றுமைக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, ஐயம் கால் மாத்திரை என்று நம்மவர் ஒரு விகிதமும் சொன்னார்கள். ஆடவருக்கு வலக்கை, பெண்டிருக்கு இடக்கை என்னும் விதியும் வகுத்தார்கள். இத்தனை பிராணிகளின் நடையை விரல் நுனியால் பேதம் பிரித்து அறியப் பழகிய வைத்தியர்களை எள்ளி நகையாடுவது எளிது. நீண்ட நாள் பழகிய விரல், காய்ச்சலின் வேகத்தையும் மரணத்துக்கு முந்திய தளர்ச்சியையும் பிசகாமல் அறிந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நடையை விவரித்தார்களேயன்றி, ஹெரோபிலஸின் நீர்க்கடிகாரம் போன்ற அபூர்வ முயற்சிகள் நீங்கலாக, ஒரு நாழிகைக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எத்தனை உழக்கு என்று கணக்குப் பார்க்கும் எண்ணம் கிழக்கிலும் மேற்கிலும் வேரூன்றவில்லை.

அந்த எண்ணம் வேரூன்றிய ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இத்தாலியில் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பதுவா நகரத்தைத்தான் சொல்ல வேண்டும். அங்கே கல்வி கற்ற ஸாந்தோரியோ என்னும் வைத்தியர், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நூலில் கட்டிய ஒரு குண்டை ஊசலாக ஆடவிட்டு, ஊசலின் ஆட்டம் நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகும் வரையில் நூலை நீட்டியும் குறுக்கியும், அந்த நூலின் நீளத்தையே நாடியின் வேகமாகக் குறித்துக்கொண்டார். நிமிஷத்துக்கு இத்தனை என்று சொல்லத்தக்க கடிகாரம் அக்காலத்தில் இல்லை. ஆகையால் ஒரு மனிதனின் நாடி இத்தனை அங்குலம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கேட்பதற்கு விநோதமாயிருந்தாலும், நேற்றைய நாடியையும் இன்றைய நாடியையும் ஞாபகத்தை நம்பாமல் ஒப்பிடும் வழி மனிதனுக்கு அப்போதுதான் கிடைத்தது.

அதே பதுவாவில், 1590களில் நிறுவப்பட்ட மரத்தாலான அங்கசாஸ்திர அரங்கில், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்களைப் போல வட்டவட்டமாக நின்ற மாணவர்களுக்கு நடுவே, பப்ரீஷியஸ் என்னும் ஆசிரியர் பிரேதங்களை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற மடிப்புகள் இருப்பதை அவர் விளக்கி 1603 இல் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் அவை இருதயத்தை நோக்கி மட்டுமே திறப்பவை என்பதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. இரத்தம் கால்களில் போய்த் தேங்கிவிடாமல் தடுப்பதற்காக அவை அமைந்தன என்று சொல்லித் திருப்தியடைந்துவிட்டார். அவருடைய மாணவர்களில் ஒருவராயிருந்து 1602 இல் பட்டம் பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பிய வில்லியம் ஹார்விக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஹார்வி 1628 ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட்டில் அச்சிட்ட லத்தீன் நூல் எழுபத்திரண்டு பக்கமே கொண்டது; அதன் உயிர்நிலையான வாதமோ சில வரிகளில் அடங்குவது. இருதயத்தின் இடது அறை ஒவ்வொரு சுருக்கத்திலும் வெளியே தள்ளும் இரத்தம் வெறும் அரை அவுன்ஸ்தான் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் இருதயம் குறைந்தபட்சம் ஆயிரம் தடவை துடிக்கிறது. எனவே அரை மணியில் ஐந்நூறு அவுன்ஸ் இரத்தம் தமனிகளுக்குள் சென்றாக வேண்டும். ஐந்நூறு அவுன்ஸ் என்பது பதினான்கு கிலோவுக்கும் மேல். ஒரு மனிதனின் உடம்பு முழுவதிலுமுள்ள இரத்தத்தைப் போல அது இரண்டு மடங்குக்கும் அதிகம். எவ்வளவு பெருந்தீனிக்காரனும் அரை மணியில் இவ்வளவு இரத்தத்துக்குரிய ஆகாரத்தை உண்ண முடியாது. ஈரல் அதை உற்பத்தி செய்யவும் முடியாது. ஆகையால் போன இரத்தமே திரும்பி வந்தாக வேண்டும். இதில் மெச்சத்தக்கது, எதிராளிக்கு வாதிட இடம் வைக்காதபடி, ஒவ்வோர் எண்ணையும் அவர் வேண்டுமென்றே குறைத்துக் கொண்டதுதான். ஆரோக்கியமான மனிதனுக்கு நிமிஷத்துக்கு எழுபது துடிப்பும், ஒரு துடிப்புக்குச் சுமார் எழுபது மில்லிலிட்டரும் ஆக, நிமிஷந்தோறும் ஐந்து லிட்டர் அளவுக்கு இரத்தம் புறப்படுகிறது என்று இன்று நாம் அறிவோம். அவர் கணக்கிட்டதோ அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் ஒரு பங்கே காலெனின் கோட்டையைத் தகர்க்கப் போதுமானதாயிருந்தது.

கணக்கோடு அவர் நிற்கவில்லை. மெலிந்த ஒருவருடைய முழங்கைக்கு மேலே கயிற்றை மிதமாக இறுக்கி, புடைத்தெழும் சிரையில் ஒரு விரலை வைத்து, மற்றொரு விரலால் இரத்தத்தை மேல்நோக்கி வழித்துவிட்டால், அந்தத் துண்டு காலியாகவே இருக்கும். மேலிருந்து இரத்தம் கீழே இறங்காது. கீழேயுள்ள விரலை எடுத்த மாத்திரத்தில் நிரம்பிவிடும். எந்த ஆயுதமும் வேண்டாத இந்தப் பரீட்சையை யாரும் தம் கையிலேயே செய்து பார்த்துக்கொள்ளலாம். பப்ரீஷியஸின் கதவுகள் எதற்கு ஏற்பட்டன என்பது இப்படி விளங்கிற்று. ஆயினும் பாரிஸிலும் பிற இடங்களிலும் பண்டிதர்கள் கொதித்தெழுந்தார்கள்; இந்த நூல் வந்தபின் ஹார்வியிடம் வைத்தியத்துக்கு வருபவர்கள் குறைந்துபோனதாக அவரை அறிந்த ஆப்ரி எழுதியிருக்கிறார். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழி கடக்கிறது என்பதை மட்டும் ஹார்வியால் காட்ட முடியவில்லை. அவர் காலமாகி நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661 இல், மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இரண்டையும் இணைக்கும் நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார்.

இதற்குப் பின்னும் மணிக்கட்டின் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. லிச்பீல்டு நகரத்து வைத்தியர் ஜான் ப்ளோயர், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் ஒரு கடிகாரத்தைச் செய்வித்து, 1707 இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். வைத்திய உலகம் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தது. விநாடி முள்ளைப் பார்த்து நாடியை எண்ணுவது ஆஸ்பத்திரிகளில் நித்திய காரியமாக ஆவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

துடிப்பின் எண்ணிக்கை தெரிந்தது. அதன் பின்னாலுள்ள அழுத்தம் எவ்வளவு என்று கேட்டவர் வைத்தியரல்லர், டெடிங்டன் கிராமத்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு கிழட்டுக் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தியபோது, இரத்தம் எட்டடி மூன்று அங்குலம் உயர்ந்து நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கிற்று. 1733 இல் வெளியான அவருடைய நூலில் இந்தக் கொடுமையான காட்சி வெகு நிதானமாக விவரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்பதடிக் குழாயை வைத்துக்கொண்டு யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாதல்லவா? தண்ணீரைப் போலப் பதின்மூன்றரை மடங்குக்கு மேல் கனமுள்ள பாதரசத்தை உபயோகித்தால் குழாயைக் குறுக்கிவிடலாம் என்று புவாசெய் என்னும் பிரெஞ்சு இளைஞர் 1828 இல் காட்டினார். இரத்த அழுத்தத்தை இன்றும் பாதரச மில்லிமீட்டரில் சொல்லும் வழக்கம் அவரிடமிருந்து வந்தது. ஆனால் அவருடைய முறைக்கும் தமனியை அறுத்தாக வேண்டும்.

அறுக்காமல் அளக்க விரும்பியவர்கள் மறுபடியும் மணிக்கட்டுக்கே திரும்பினார்கள். பாரிஸில் மாரே என்பவர் 1860 இல், மணிக்கட்டின்மீது கட்டிய ஒரு நெம்புகோல் நாடியின் அசைவைக் கரி பூசிய காகிதத்தில் அலைகோடாக எழுதும்படி ஒரு யந்திரம் அமைத்தார். அந்த யந்திரத்தைச் செப்பனிட்டு, அதனால் ஒரு பெரிய உண்மையைக் கண்டவரை நாம் மறந்துவிட்டது வியப்புக்குரியது. பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தோடு திரிந்து, பின்பு அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் குடியேறி, இங்கிலீஷில் புத்தகம் வெளியிட்ட முதல் இந்தியர் என்று பெயர் பெற்ற தீன் முகம்மதுவின் பேரர், பிரெடெரிக் அக்பர் முகம்மது. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவராயிருந்தபோதே, 1872 இல், நாடியை எழுதிக்காட்டும் கருவியில் அழுத்தத்தை மட்டிடும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார். இரத்த அழுத்தம் உயர்வது சிறுநீரக நோயின் விளைவு என்று எல்லோரும் நம்பியிருக்க, சிறுநீரகத்தில் ஒரு கோளாறும் இல்லாமல், தம்மை ஆரோக்கியவான்களென்று நினைத்து நடமாடும் மனிதர்களிடத்தும் அது உயர்ந்திருப்பதையும், அவர்களில் பலர் பின்னால் இருதயமோ மூளையோ சிறுநீரகமோ கெட்டு மாள்வதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1884 இல், முப்பத்தைந்து வயதில், டைபாய்டு ஜுரத்தில் அவர் இறந்தார். நீண்ட நாள் இருந்திருந்தால் இந்தச் சரித்திரம் ஒரு தலைமுறைக்கு முன்பே முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடந்தது வேறு. 1896 இல் இத்தாலிய வைத்தியர் ரீவா-ரோச்சி, மேற்கையில் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசக் குழாயோடு இணைத்து, மணிக்கட்டின் நாடி எந்த அளவில் மறைகிறது என்று பார்க்கும் முறையைப் பிரசுரித்தார். சைக்கிள் டயரின் உள்குழாய் போன்ற சாமான்களைக் கொண்டே அதை அமைத்துவிடலாம். இந்தக் கருவியிலுங்கூடத் தீர்ப்புச் சொல்வது மணிக்கட்டில் வைத்த பழைய விரல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1901 இல் இத்தாலிக்கு வந்த அமெரிக்க சஸ்திர வைத்தியர் ஹார்வி குஷிங், கருவியின் படத்தை எழுதிக்கொண்டு போய்த் தம் நாட்டில் பரப்பினார். 1905 இல் பீட்டர்ஸ்பர்க் ராணுவ வைத்தியக் கழகத்தில், ருஷ்ய-ஜப்பானிய யுத்தத்திலிருந்து திரும்பியிருந்த இளம் வைத்தியர் கொரோட்காவ், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சிறிய அறிக்கையில், விரலை விலக்கிவிட்டு முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்னார். பட்டையை நன்றாக இறுக்கினால் நிசப்தம். மெல்லத் தளர்த்தும்போது முதல் தட்டொலி கேட்கும் இடம் மேலழுத்தம். ஒலி அறவே மறையும் இடம் கீழழுத்தம். நூற்றிருபதுக்கு எண்பது என்று இன்று வீடுதோறும் பேசப்படும் இரட்டை எண் இவ்விதம் பிறந்தது.

இதற்கும் எதிர்ப்பு எழுந்தது. கருவியை நம்பினால் வைத்தியனின் விரல் மரத்துப்போகும் என்று முதியவர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் நியாயம் அவர்கள் பக்கம் இல்லை. ஏனென்றால் விரலுக்கு எட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டு எண்களுக்கிடையேயுள்ள வித்தியாசம் மட்டுமே. நூற்றிருபதுக்கு எண்பது உள்ளவனுக்கும், நூற்றெண்பதுக்கு நூற்று நாற்பது உள்ளவனுக்கும் வித்தியாசம் நாற்பதுதான். தமனி சுருங்கி இறுகியிருப்பதைத் தேர்ந்த விரல் ஓரளவு ஊகிக்கலாமேயன்றி, நிச்சயித்துச் சொல்ல இயலாது. நோயாளியும் ஒன்றும் உணர்வதில்லை, வலியில்லை, ஜுரமில்லை. பாம்பென்றும் அன்னமென்றும் பேதம் கண்ட அத்தனை தலைமுறை விரல்களுக்கும் தப்பி, தமனிகளைத் தடிக்கச் செய்தும், இருதயத் தசையைப் பருக்கச் செய்தும், மூளையின் நாளத்தை வெடிக்கச் செய்தும் மனிதர்களை மாய்த்து வந்த நோய் அது.

இதன் அபாயத்தை முதலில் ஒப்புக்கொண்டவர்கள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். பணம் கட்ட வேண்டியவர்களாகையால், யார் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு இருந்த சிரத்தை பண்டிதர்களுக்கு இல்லை. 1930களில்கூட, உயர்ந்த அழுத்தம் கெட்டிப்பட்ட தமனிகளின் வழியே இரத்தத்தைச் செலுத்த உடம்பு செய்துகொள்ளும் அவசிய ஏற்பாடு, அதைக் குறைப்பது தீங்கு என்று புகழ்பெற்ற இருதய வைத்தியர்களே போதித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஓர் இருதய நிபுணர் முதன்முதலாகப் பரிசோதித்தபோது அழுத்தம் நூற்றெண்பத்தாறுக்கு நூற்றெட்டு. 1945 ஏப்ரல் 12 அன்று, மூளையில் இரத்தம் கசிந்து அவர் சரிந்தபோது முந்நூறுக்கு நூற்றுத் தொண்ணூறு. உலகத்தின் மிகச் சக்தி வாய்ந்த மனிதருக்கு, எண்ணை எழுதிவைப்பதற்கு மேல் பெரிதாக ஏதும் செய்ய வைத்தியத்தால் முடியவில்லை.

1948 இல் பிரேமிங்காம் என்னும் சிறு நகரத்தில் 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, வருஷக்கணக்காக அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உயர்ந்த அழுத்தமும், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்டிராலும், புகைபிடித்தலும் இருதயத்தைக் கெடுக்கின்றன என்பது அங்கே எண்களால் நிரூபணமாயிற்று. 1949 இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல், நம் தேசத்தில் பித்துக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிக்கிறது என்று, ஐம்பது நோயாளிகளிடம் கண்டதை ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். அந்த வேரின் சத்தான ரிஸர்ப்பின் 1952 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களின் ஆஸ்பத்திரிகளில் நடந்து 1967 இல் வெளியான பரிசோதனையில், ரிஸர்ப்பினோடு வேறிரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது, அழுத்தத்தைக் குறைப்பது உயிரைக் காக்கும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. உப்பைக் குறைப்பதும், தினந்தோறும் நடப்பதும், புகையிலையை விடுவதும், உடல் பருக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே திசையில் உதவுகின்றன என்பதை அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தின.

மணிக்கட்டுக்கு இனி வேலையில்லை என்று இதனால் ஆகிவிடாது. வயது முதிர்ந்தவர்களுக்கு இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்று நடுங்கும் ஒரு நோய் வருவதுண்டு. அதனால் அறைக்குள் உறைந்த இரத்தம் மூளைக்குப் போய் அடைத்துப் பக்கவாதம் உண்டாகும். தானாக இயங்கும் அழுத்தக் கருவிகள் பல இந்தத் தாறுமாறான துடிப்பில் குழம்பிப் பிழையான எண்ணைக் காட்டிவிடுகின்றன. ஆகையால் கருவியைப் பொருத்துமுன் விரலை வைத்து நாடி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றும், சீரில்லையேல் கையாலேயே பட்டையைத் தளர்த்தி ஸ்டெதஸ்கோப்பால் கேட்டு அளக்க வேண்டுமென்றும் இக்காலத்து வைத்திய விதிகளே சொல்கின்றன.